மதகடியில் கிடந்தவர்

விசாரணை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே 'மூன்று விலாங்கு' விடுதியின் மாடி அறை நிரம்பிவிட்டது. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் புகையிலை நெடியும் சேர்ந்து மூச்சை அடைத்தன.

பெரிய வாய்க்காலின் மதகைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்தபோது, அடிச்சேற்றில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்து இன்று ஐந்தாம் நாள். விரல் எலும்பில் டாலிசன் குடும்பத்தின் முத்திரை மோதிரம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், 1868 அக்டோபரில், ஒரு மாலை வீட்டை விட்டுக் கிளம்பிய எட்மண்ட் டாலிசன் திரும்பவேயில்லை. கிடைத்தது அவர்தான் என்று கோல்ட்மியர் ஊர் முடிவு கட்டிவிட்டது. சட்டமும் அதையே சொல்லிவிட்டால் அடக்கம் செய்துவிடலாம்.

எட்மண்டின் தங்கை தெர்ஸா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் அண்ணி லெட்டிஸ்.

"விரலை நெரிச்சுக்கிட்டே இருக்காதே. எல்லாரும் நம்மளைத்தான் பார்க்கறாங்க," என்றாள் லெட்டிஸ், உதடு அசையாமல்.

"பார்க்கட்டும் அண்ணி."

"உனக்கென்ன, சொல்லுவே. நாளைக்கு இதே ஊர்ல நான் தலைநிமிர்ந்து நடக்கணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காணாமல் போனவனின் மனைவி ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். செத்தவனின் மனைவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாவு ஆலை முதலாளி ஹோராஸ் ப்ரைம் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடைக்காலத்திலிருந்தே அவர் ஞாயிறுதோறும் லெட்டிஸைத் தேவாலயத்திலிருந்து வீடுவரை கொண்டுவந்து விடுகிறார். அதற்கு மேல் ஓரடியும் எடுத்து வைக்க முடியாது.

விடுதியின் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போய் எலும்புகளைப் பார்த்துவிட்டு, ஜூரிகள் பன்னிரண்டு பேரும் படியேறி வந்தார்கள். இரண்டு பேர் முகம் வெளுத்திருந்தது. மரண விசாரணை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதலில் லெட்டிஸைக் கூப்பிட்டார்கள்.

"இந்த மோதிரம் உங்க கணவரோடதா?"

"ஆமாங்க."

"கிளம்பிப் போன அன்னிக்குப் போட்டிருந்தாரா?"

"அதை அவர் கழட்டினதே இல்லைங்க."

அவ்வளவுதான். லெட்டிஸ் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அடுத்து டாக்டர் கிடியன் ஹார்வுட்.

தெர்ஸா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடங்களாக இந்த மனிதரிடம் அவள் பேசியதில்லை. அவர் அவளைப் பெண் கேட்டு வந்த நாளில் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாள்: "கடைசியா என் அண்ணனைப் பார்த்தவர் நீங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?" அவர் சொல்லவில்லை. "அதைச் சொல்ற வரைக்கும் இந்தப் படி ஏறாதீங்க" என்று கதவைச் சாத்தினாள். அவரும் ஏறவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலித்த போதுகூடப் பின்பக்கமாகச் சமையலறை வழியே வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பிடிவாதம் தெர்ஸாவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

"பத்து மைலுக்குள்ள வேற டாக்டர் இல்லாததால உங்களையே கேட்க வேண்டியிருக்கு," என்றார் அதிகாரி. "எப்படிச் செத்திருக்கார்?"

"பின்மண்டை உடைஞ்சிருக்கு. விழுந்து உடைஞ்சதில்லை. யாரோ அடிச்சிருக்காங்க."

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

"வயசு?"

"முப்பதுக்கு மேல, நாற்பதுக்குள்ள."

"உயரம்?"

"அஞ்சடி பத்தங்குலம் இருக்கும். எட்மண்ட் டாலிசனும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான்."

"எலும்புல ஏதாவது அடையாளம் இருக்கா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒரு அடையாளமும் இல்லைங்க."

தெர்ஸா சடாரென்று தலை நிமிர்ந்தாள்.

அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு அடையாளமும் இல்லை. பொய் இல்லை, சத்தியமாக உண்மைதான். ஆனால் அடையாளம் இருந்திருக்க வேண்டும்! எட்மண்டுக்குப் பத்தொன்பது வயதில், உறைந்த ஏரியில் பந்தயச் சறுக்கு ஆடி இடது முன்கை இரண்டாக முறிந்தது. அப்பா சறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், படகுக் கொட்டகையில் ஒளித்து வைத்துக் கட்டுப் போட்டவர் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இதே கிடியன். சிம்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பதினான்கு வயதுத் தெர்ஸா. வீட்டில் சுளுக்கு என்று சொல்லிச் சமாளித்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. தொட்டால் ஒரு முடிச்சு தட்டும்.

கொட்டகையில் கிடப்பது அண்ணன் இல்லை.

இது ஒருவருக்குத் தெரியும் என்றால் அவர் கிடியன் ஹார்வுட். ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்?

யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. மதகுக் காவல்காரன் ஜாபெஸ் கப் எழுந்து நின்றான். அன்று அவன் புதுக் கழுத்துத் துணி கட்டியிருந்தான்.

"நான் என் கண்ணால பார்த்தேனுங்க. கரை மேல நின்னு ரெண்டு பேரும் கத்திக்கிட்டாங்க. டாக்டர் அய்யா, டாலிசன் வீட்டுச் சின்ன முதலாளியோட சட்டையைப் பிடிச்சுத் தள்ளினாரு. 'இனி இந்தப் பேச்சோட என்கிட்ட வந்தே, வாய்க்கால்ல தூக்கிப் போட்ருவேன்'னாரு. அதுக்கப்புறம் சின்ன முதலாளியை யாரும் பார்க்கலீங்க."

"சண்டை போட்டது ஊருக்கே தெரியும். இந்த மிரட்டலை மட்டும் ஏன்யா மூணு வருஷமா சொல்லலை?"

"என் பெண்டாட்டிக்குப் பிரசவம் பார்த்தவருங்க. பொணம் கிடைக்காத வரைக்கும் சண்டை வெறும் சண்டைதானேன்னு இருந்துட்டேன்."

அதிகாரி டாக்டர் பக்கம் திரும்பினார். "எதைப் பத்தின பேச்சு அது?"

"சொல்ல முடியாதுங்க."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

ஜூரிகள் பெஞ்சில் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "லிங்கன் நகரச் சிறையில கேட்டா சொல்லுவாரு!" சிலர் சிரித்தார்கள்.

தெர்ஸாவுக்கு விஷயம் அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவள் பேசாமல் இருந்தால் அண்ணன் கௌரவமாகச் செத்தவர். அண்ணிக்கு விடுதலை. அம்மாவுக்கு ஒரு கல்லறை. ஜன்னலோரம் நிற்கிற மனிதருக்குத் தூக்குக் கயிறு. அவள் பேசினால் அண்ணன் உயிரோடிருக்கிறார். ஆனால் அவர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வேறொருவன் செத்துக் கிடக்கிறான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

அவள் எழுந்தாள். அம்மாவின் கை அவள் பாவாடை மடிப்பை இறுகப் பிடித்தது. எழுபது வயதுக் கைக்கு அத்தனை பலமா என்று ஆச்சரியமாக இருந்தது. மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். சறுக்கு, முறிந்த கை, படகுக் கொட்டகை, கோணல் முடிச்சு, எல்லாம். குரல் உடையவில்லை. முடித்தபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டர்! இது நிஜமா?"

"நிஜம்."

"அப்புறம் ஏன் அடையாளம் இல்லைன்னீங்க?"

"கொட்டகையில இருக்கிற எலும்புல இருக்கான்னுதான் கேட்டீங்க. அதுல இல்லை."

அதிகாரியின் காதுகள் சிவந்துவிட்டன. ஜூரிகள் மறுபடி கொட்டகைக்கு இறங்கிப் போனார்கள். கால் மணியில் திரும்பினார்கள். இடது முன்கை எலும்பு வழவழவென்று நேராக இருந்தது என்று தலைமை ஜூரி சொன்னார்.

தீர்ப்பு பன்னிரண்டு மணிக்கு வந்தது. அடையாளம் தெரியாத ஓர் ஆண், கொலை, செய்தவர் யாரென்று தெரியவில்லை. அதை வாசித்துவிட்டு அதிகாரி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தணிந்த குரல்தான், ஆனாலும் "எட்மண்ட் டாலிசனைத் தேடு" என்பது முன் பெஞ்சுக்குக் கேட்டது.

ஹோராஸ் ப்ரைம் தொப்பியைப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. டாக்டர் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தார். தெர்ஸா நேராக அவரிடம் போனாள்.

"ஏன் மறைச்சீங்க?"

"நீங்க ஏன் சொன்னீங்க?" அவர் குரலில் நன்றி துளியும் இல்லை, கோபம்தான் இருந்தது. "உங்க அம்மாவைப் பத்தி யோசிச்சீங்களா? கொலைகாரனோட அம்மான்னு இனிமே..."

"உங்களைத் தூக்குல போட்டிருப்பாங்க."

"போட்டிருக்க மாட்டாங்க. சாட்சி பத்தாது."

"எவ்வளவு நிச்சயமா தெரியும்?"

அவர் வாரைக் கொக்கியில் மாட்டினார். முதல் தடவை தப்பியது. இரண்டாம் தடவையும் தப்பியது.

"அவ்வளவு நிச்சயமா தெரியாது," என்றார்.

"உங்களுக்காகச் சொல்லலை. உண்மைங்கிறதால சொன்னேன்."

"தெரியும். நீங்க எனக்காக எதுவும் செய்ய மாட்டீங்கன்னு ரெண்டு வருஷமா தெரியும்."

தெர்ஸா திரும்பினாள். நடந்து வீட்டுக்குப் போனாள்.

அங்கே லெட்டிஸ் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் எறிந்திருந்தாள்.

"திருப்தியா? இன்னும் நாலு வருஷம். நாலு வருஷம் கழிச்சு எனக்கு முப்பத்தெட்டு வயசு. அதுவும் உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா நாலு வருஷமும் இல்லை, ஆயுசு பூரா!"

"அண்ணி, நான் வேணும்னு..."

"உனக்கு மட்டும்தான் அந்தக் கை தெரியும்னு நினைச்சியா? எட்டு வருஷம் அந்தக் கை மேல தலை வச்சுப் படுத்தவ நான். முடிச்சு எங்கே இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்." அவள் குரல் இறங்கியது. "எலும்பைப் பார்க்கறீங்களான்னு கான்ஸ்டபிள் கேட்டான். வேண்டாம்னேன். பார்த்தா தெரிஞ்சு போயிடுமே."

தெர்ஸா அவளருகே போனாள். லெட்டிஸ் விலகி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சமையலறையில் அம்மா கறுப்பு உடை மேலேயே ஏப்ரன் கட்டிக்கொண்டு 'பை' பலகாரத்துக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். வேலைக்காரி இருக்கும்போது அம்மா மாவில் கை வைப்பதில்லை.

"அம்மா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

அம்மா கையை நிறுத்தவில்லை.

"போன வருஷம் பிப்ரவரியில லின் சந்தைக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"சித்தி கூடப் போனீங்க."

"சுங்கச்சாவடித் தெருவுல அவனைப் பார்த்தேன்."

"யாரை? அண்ணனையா?"

"தாடி வச்சிருந்தான். ஆனா நான் பெத்தவனாச்சே. அவனும் என்னைப் பார்த்தான். தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துக்கிட்டு எதிர்ச்சந்துல நுழைஞ்சுட்டான். கூப்பிட்டேன். திரும்பலை." அம்மா மாவை ஒரு குத்து குத்தினாள். "அன்னிலேருந்து அவன் எனக்குச் செத்துட்டான். யாரோ ஒருத்தரை அவன் பேர்ல புதைச்சுட்டா முடிஞ்சுதுன்னு இருந்தேன்."

"டாக்டரைக் கைது பண்ணியிருந்தா? அப்பவும் சும்மா இருந்திருப்பீங்களா?"

அம்மா பிசைந்துகொண்டே இருந்தாள். மாவு மேலும் மேலும் கெட்டியாகிக்கொண்டே போனது. அந்த மாவில் இனி எந்தப் பலகாரமும் வராது என்பது இருவருக்கும் தெரிந்தது.

தெர்ஸா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். மணி ஒன்றரை. லின் துறைமுகம் பன்னிரண்டு மைல். கான்ஸ்டபிள் தந்தி கொடுத்திருப்பான். நாளைக் காலைக்குள் எல்லா ஊர்க் காவல் நிலையத்துக்கும் எட்மண்டின் பெயர் போய்விடும். அதைக் கேட்டால் அவர் கப்பலேறிவிடுவார். அதற்கு முன்னால் அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: செத்தவன் யார்?

டாக்டர் வீடு கரையோரத்தில்தான். அவர் கதவைத் திறந்தபோது கையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது.

"நான் லின்னுக்குப் போகணும். இப்பவே. உங்க வண்டி வேணும்."

"வண்டி மட்டுமா?"

"ஓட்டறதுக்கு நீங்களும்."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தார்.

கரைமேல் வண்டி ஓடத் தொடங்கியதும் அம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். இருபுறமும் கறுத்த உழவு நிலம், வானம் வரைக்கும் மேடு பள்ளமே இல்லாமல் கிடந்தது.

"இப்பவாவது சொல்லுங்க," என்றாள். "அன்னிக்கு எட்மண்ட் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

ஒரு பாலத்தின் மேல் அவர் குதிரையின் வேகத்தைக் குறைத்தார்.

"ஒரு கையெழுத்து. லெட்டிஸுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சுன்னு."

"என்ன?"

"ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டா போதும். பைத்திய விடுதிக்கு அனுப்பிடலாம். அப்புறம் அவங்க பேர்ல இருக்கிற நிலம், வீடு எல்லாத்தையும் அவர் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். காகிதத்தைத் தயாராக் கொண்டு வந்திருந்தார். 'அவ ராத்திரியில அழறா, அது போதாதா'ன்னார்." அவர் கடிவாளத்தை மறு கைக்கு மாற்றினார். "அதுக்குத்தான் சட்டையைப் பிடிச்சேன்."

தெர்ஸா அவர் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க அப்போ அண்ணனைத் தலைமேல தூக்கி வச்சிருந்தீங்க. நம்பியிருக்க மாட்டீங்க. அது மட்டுமில்லை. ஒரு பொண்ணுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா, பொய்னு ஆயிரம் தடவை சொன்னாலும் இந்த ஊர்ல அது போகாது. அவங்க சாகற வரைக்கும் ஒட்டிக்கும்."

அதற்காக ஒரு மனிதர் மூன்று வருடம் சந்தேகத்தைச் சுமந்திருக்கிறார். இரண்டு வருடம் சமையலறை வழியாக வந்து போயிருக்கிறார். இன்று காலை தூக்குமேடை வரைக்கும் போகத் துணிந்திருக்கிறார். தெர்ஸா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். அந்த வார்த்தை மிகச் சின்னதாகத் தெரிந்தது.

"ரெண்டு கையெழுத்துன்னீங்களே," என்றாள் கடைசியில். "இன்னொண்ணு?"

"நீ போடலேன்னா என்ன, லண்டன்லேருந்து ரெண்டு பேர் வர்றாங்கன்னார். முதல் ஆள் அன்னிக்கு ராத்திரியே வந்து இறங்கறதாச் சொன்னார். யாரும் வந்ததா நான் கேள்விப்படலை."

இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடப்பவரைப் பற்றிய நினைப்பு இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"வண்டியைத் திருப்புங்க."

"பயமா இருக்கா?"

"இல்லை. அண்ணிக்கு இது தெரியணும்."

"தெர்ஸா, இதை அவங்க காதுக்குப் போகாம மறைக்கத்தான் நான்..."

"மறைச்சீங்க. நல்ல மனசோடதான் மறைச்சீங்க. எங்க அம்மாவும் மறைச்சாங்க. எல்லாரும் மறைச்சோம். கடைசியில எதுவுமே தெரியாம மாடியில கதவைச் சாத்திக்கிட்டு அழறது அண்ணி. அவங்க கண்ணீரைத்தானே அந்த மனுஷன் சாட்சியாக் காட்டினார்? திருப்புங்க."

அவர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை அவள் அப்புறம்தான் உணர்ந்தாள். திருத்தச் சொல்லவில்லை.

வண்டி திரும்பியது.

லெட்டிஸ் முதலில் கதவைத் திறக்க மறுத்தாள். தெர்ஸா கதவுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே கதவு திறந்தது. லெட்டிஸின் கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் அவள் அழவில்லை. கேட்டு முடித்ததும் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ராத்திரியில அழுதது நிஜம்தான்," என்றாள். "ஏன்னு அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

பிறகு கீழே இறங்கி, சற்று முன் எறிந்த தொப்பியை எடுத்து, அதன் நசுங்கிய விளிம்பை விரலால் நீவிச் சரிசெய்து போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வந்து டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"இந்த வண்டியில ரெண்டு பேர்தானே உட்காரலாம்?" என்றாள்.

"நெருக்கிக்கிட்டா மூணு பேர் போகலாம்."

"அப்போ நெருக்கிக்குங்க. லின்னுல அவரைப் பிடிச்சு, முகத்துக்கு நேரா நின்னு நான்தான் கேட்கணும்."

தெர்ஸா நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் அண்ணியின் முழங்கை விலாவில் இடித்தது. மறுபக்கம் டாக்டரின் ஈரக் கோட்டு தோளோடு ஒட்டியது. இருட்டுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குதிரை ஓட்டமெடுத்தது. கரை வளைவில் வண்டி சாய்ந்தபோது அவள் அவர் பக்கம் சரிந்தாள். வண்டி நேரானது, அவள் விலகி உட்காரவில்லை.